ஒரு கடிதத்துக்கு ஒரு சிகரெட்

"அந்தச் சமையல்காரன் பேரு நம்ம குடும்பப் புத்தகத்துல வரவே கூடாது. சொல்லிட்டேன்!"

அண்ணன் மேஜையைத் தட்டிய தட்டில் தங்கையின் காபி தளும்பியது.

"அப்பாவோட ஒரே விடுதியில இருந்தவர்ண்ணா."

"இருந்தா? அங்க இருந்தவங்க எல்லாம் எழுத்துத் தெரியாத மனுஷங்க. பேப்பர் வந்ததும் ஓடிப்போய் இவன் முன்னாடி உட்காருவாங்களாம். ஒரு கடிதம் படிச்சுச் சொல்ல ஒரு சிகரெட் கேப்பானாம். வாங்கிக் காதுல செருகிக்கிட்டுத்தான் வாயையே திறப்பானாம். அப்பாவே சொல்லியிருக்காரு. கல்நெஞ்சக்காரன்!"

அப்பா கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இங்கே வந்தவர்கள் இன்று ஒரு விடுதி, நாளை ஒரு விடுதி என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஊரில் இருப்பவர்கள், கடிதத்தை இங்கே வெளிவந்த தமிழ் வாரப் பத்திரிகைக்கே அனுப்பிவிடுவார்கள். 'வீட்டுக் கடிதங்கள்' என்ற பக்கத்தில் அது அச்சாகும்.

அப்படி அம்மா அனுப்பிய ஒரு கடிதம்தான் இந்தக் குடும்பத்தின் பெருமையே. 'பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான். வாசல்ல யார் வந்தாலும் நீங்கதான்னு நினைச்சு ஓடுறான்.'

அதைக் கேட்ட மறுநாளே அப்பா கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பினார். அம்மாவும் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்தப் பையன்தான் அண்ணன். "நான் நடந்ததே பேப்பர்ல வந்த நியூஸ்" என்று அறுபது வயதிலும் ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

அம்மா மட்டும், "நான் எங்கடா கடிதம் போட்டேன்?" என்று கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தாள். "வெட்கம். ஒத்துக்க மாட்டா" என்பார் அப்பா.

"சரி, அதை விடு. முதல் பக்கத்துக்கு அம்மா கடிதம் கிடைச்சுதா இல்லையா? ஞாயித்துக்கிழமை புத்தக வெளியீட்டுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வந்து நிப்பாங்க. அச்சகத்துக்காரர் உசிரை எடுக்கிறாரு."

தங்கை ஆறு வாரமாக, மருந்துக்கடை வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய், பழைய பத்திரிகை அறையில் தூசி தின்றவள். ஒரு நகலை எடுத்து நீட்டினாள்.

"அம்மா கடிதம் இல்லண்ணா. எந்த வாரத்துலயும் இல்ல. அந்த வாரம் அப்பா பேருக்கு வந்தது இது ஒண்ணுதான். மாமா போட்டது."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'எம் தங்கையை நிறைமாதத்தில் விட்டுச் சென்று, ஓராண்டாக ஒரு வரியும் எழுதாத உமக்கு இதுவே கடைசி அறிவிப்பு. இன்றோடு உறவு அறுந்தது. அவளுக்கு வேறு இடம் பார்க்கிறோம்.'

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"அப்பா கோபத்துக்கு இதைக் கேட்டிருந்தா, 'போங்கடா'ன்னு அன்னிக்கே தலை முழுகியிருப்பாரே!"

"ஆமா. நீ அங்க, யாரோ ஒருத்தரை அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டிருப்பே. நான் பொறந்தே இருக்க மாட்டேன்."

அண்ணன் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"சரி. படிச்சுட்டு, மனசு கேக்காம மாத்திச் சொல்லியிருக்கான். நல்லதுதான், இல்லேங்கல. ஆனா அதுக்கும் ஒரு சிகரெட் வாங்கினான்ல? பொய்க்கு எதுக்கு சிகரெட்?"

"அன்னிக்கு மட்டும் வாங்கலன்னா அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

"நீ ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் வக்காலத்து வாங்கு!"

தங்கை பையிலிருந்து இன்னொரு நகலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"முதல் பக்கத்துக்கு இதைப் போடலாம்னு தோணுது. அதே வருஷக் கடைசியில வந்தது."

துறைமுகத் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி திறந்த செய்தி. படத்தில் பத்துப் பதினைந்து பேர். முன்வரிசையில் ஒரு குண்டு ஆள், மடியில் சிலேட்டு, காதில் சிகரெட்.

"அட, இவன்தானே அவன்! வாத்தியாராவும் ஆயிட்டானா?"

"கீழே போட்டிருக்கிறதைப் படிண்ணா. சத்தமாப் படி."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆரம்பித்தார்.

"'அரிச்சுவடி வகுப்பில் முதல் ஆளாகச் சேர்ந்திருப்பவர் ஒரு விடுதிச் சமையல்காரர். நாற்பது வயதில் ஏன் இந்த ஆசை என்று கேட்டோம்...'"

அடுத்த வரியில் கண் ஓடியதும், படிப்பதை நிறுத்திவிட்டுத் தாளை நீட்டினார். தங்கை தாளை வாங்கி மீதியைப் படித்தாள்.

"'ஊர்லேர்ந்து எனக்கு ஒரு கடிதம் வந்து ஏழு மாசமா பெட்டியிலயே கிடக்குதுங்க. படிச்சுச் சொல்ல, எங்க விடுதியில எழுத்துத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்லீங்க.'"