முன் சீட்

"மூணாவது தடவையா ஏர்பேக் லைட் எரியுது சார். இன்னிக்கு கேட்லயே வண்டியை நிறுத்திட்டாங்க. இன்னொரு தடவை எரிஞ்சா உங்க வண்டியே எங்களுக்கு வேணாம்."

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஃபிரடி இப்படிச் சொன்னதும், காரின் முதலாளி கோமதிநாயகம் டிரைவர் பக்கம் திரும்பி முறைத்தார்.

டிரைவர் மகாராஜா தரையைப் பார்த்தான்.

அவர்கள் நின்றது வல்லம் வடகாலில், மெக்கானிக் ஜெபதாஸின் ஒர்க் ஷாப்பில். ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கார்களில் பாதி அங்கேதான் வரும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தால் எந்தக் காரையும் அந்தக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள்.

"ரீசெட் பண்ணி அணைச்சுரும்யா" என்றார் கோமதிநாயகம்.

"போன தபாவும் அதான் சொன்னே அண்ணாத்தே. அணைச்சேன். நின்னுச்சா? கோளாறு இன்னான்னு பாக்காம லைட்டை மட்டும் அணைச்சா, வண்டி மோதுனா பை விரியாது. ஆளுதான் விரிஞ்சு கெடக்கணும்."

ஜெபதாஸ் ஸ்கேனரைச் சொருகினார். இடது பக்க முன் சீட்டைக் காட்டியது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"தோ கீது பாரு. மஞ்சள் கனெக்டர் லூசாயிருக்கு. ஒயரைப் பிடிக்கிற கிளிப்பும் உடைஞ்சு போச்சு. தெனம் யாரோ இந்த சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்றாங்க, மறுபடி முன்னால இழுக்கறாங்க."

ஃபிரடி நிமிர்ந்தார்.

"முன் சீட்லயா? இந்த ரூட்ல வர்றது எல்லாம் லேடீஸ். அவங்களை முன்னாடி உட்கார வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. யார் உட்கார்றா? எதுக்கு? நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கிறேன்."

மகாராஜாவின் முகம் வெளுத்தது.

"இதுல விசாரிக்க என்ன சார் இருக்கு?" கோமதிநாயகம் கத்தினார். "எல்லாம் இவன்தான்! வண்டிய ஓட்டுலன்னு அனுப்புனா, சீட்டைத் தள்ளிப் போட்டு காலை நீட்டி ஒறங்குதான். ஏல, ஒறங்குனியா இல்லியா?"

மகாராஜா ஒரு கணம் தயங்கினான். "ஆமா அண்ணாச்சி."

"கேட்டீங்களா சார்? வண்டியிலயே குடித்தனம் பண்ணுதான். கொண்டால சாவிய! நாளையிலேருந்து இந்த ரூட்டுப் பக்கம் நீ வரப்படாது."

"டிரைவரை மாத்திட்டா சரி. நான் ரிப்போர்ட் எதுவும் போடல" என்று ஃபிரடி பைக்கைக் கிளப்பினார். கோமதிநாயகம் ரோடு வரை போய் அனுப்பி வைத்தார்.

ஜெபதாஸ் மகாராஜாவிடம் வந்தார். "நீ தூங்கற ஆளாடா? இங்க வந்தாக்கூட துணிய வெச்சி வண்டியத் தொடச்சிக்கினு நிப்பே. எதுக்கு ஒத்துக்கினே?"

மகாராஜா குரலைத் தாழ்த்தினான்.

"சுகப்பிரியான்னு ஒரு பிள்ள வருதுண்ணே. முழுகாம இருக்கு. கான்ட்ராக்ட் வேலை. தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்கன்னு பெரிய ஓவர்கோட்டா போட்டு மறைச்சுக்கிட்டு லைன்ல நின்னு வேலை பாக்குது. புருஷனுக்கும் இப்ப வேலை இல்ல. பின்னாடி மூணு பேரா நெருக்கி உக்கார முடியல அதுக்கு. அதான் முன்னாடி உக்கார வச்சேன்."

"சரி. சீட்டை எதுக்கு அவ்ளோ தூரம் தள்றே?"

"ஏர்பேக் வெடிச்சா வயித்துல பட்டுரப்படாதுல்லா? கேட்டு வர்றதுக்கு முன்னாடி அது பின்னாடி மாறிக்கிடும். நான் சீட்டை முன்ன இழுத்துருவேன்."

ஜெபதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "ஏர்பேக்குக்குப் பயந்து ஏர்பேக் ஒயரையே புடுங்கிட்டியேடா பாவி!"

மகாராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் வேலை போனா வேற வண்டி பாத்துக்கிடுவேன். புதுசா வர்றவன் அந்தப் பிள்ளைய முன்னாடி உக்கார விடுவானா, சொல்லுங்க?"

ஜெபதாஸ் மறுபடி சீட்டுக்கு அடியில் குனிந்தார். கனெக்டரைச் சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். புது கிளிப் போட்டு ஒயரை இறுக்கினார். பேட்டரியை மாட்டி ரீசெட் செய்தார். விளக்கு கொஞ்சம் எரிந்து, அணைந்தது.

கோமதிநாயகம் திரும்பி வந்தார். ஜெபதாஸ் ஆத்திரத்தோடு ஆரம்பித்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஒரு வார்த்தை கேக்காம ஒருத்தன் பொழப்புல கைய வெக்கிறே. நீயெல்லாம்..."

"கிளிப்பு கெட்டியா இருக்கா?"

"இருக்கு. அதுவா இப்ப முக்கியம்?"

கோமதிநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மகாராஜாவிடம் திரும்பினார்.

"நாளையிலேருந்து நீ தண்டலம் காலேஜ் டிரிப்பு ஓட்டு. இந்த ரூட்டை நான் பாத்துக்கிடுதேன்."

மகாராஜா புரியாமல் விழித்தான். கோமதிநாயகம் இடது பக்க முன் கதவைத் திறந்து, சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, நெம்புகோலில் கையை வைத்தார்.

"போன வாரம் வல்லக்கோட்டை ரோட்டுல உன் பின்னாலதாம்ல வந்தேன். ஒரு பிள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டு முன்னாலேருந்து பின்னால மாறுச்சு. அந்தப் பிள்ளைக்கு இதை எதுவரைக்கும் தள்ளணும்? வந்து காட்டு."