பேசியவர் கையெழுத்து

"இன்னைக்கு நீயே பேசு. கத்துக்கத்தான வந்திருக்க?" என்று மேனேஜர் வைத்தியலிங்கம் டெலிபோனை அறிவரசன் பக்கம் நகர்த்தினார்.

அறிவரசனுக்குத் தலைகால் புரியவில்லை.

திருச்சியில் எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளை. கோடை விடுமுறையில் பயிற்சி என்று அரியலூர் பேங்குக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கம்பெனிக் கணக்குகளைப் பார்க்கும் பிரிவு என்று பேர்தான் பெரிது. அவன் கைக்கு வந்ததெல்லாம் ஸ்டேப்ளரும் ஜெராக்ஸ் மெஷினும். அம்மா ஆண்டாயி மட்டும், மகன்தான் பேங்கையே நடத்துகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய தொகைக்கு செக் வந்தால், எழுதியவரையே போனில் கூப்பிட்டு, நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்க வேண்டும். கேட்டவர் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் பணம்.

அந்த வேலையை மேனேஜர் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை.

அறையில் ரோஜா வாசனை. வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குப் பூ வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

செக் கலியபெருமாளுடையது, டிரைவர்கள் சம்பளத்துக்கு. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர். கூட்டாளி கிடையாது, கணக்கு அவர் ஒருவர் பெயரில். அவர் கேட்ட லோன் பேங்கில் இழுத்துக்கொண்டே போனதில் டிரைவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோய், போன வாரம் அவர்கள் லாரிகளைக் கொண்டுவந்து பேங்க் வாசலை மறித்துவிட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை கட்டாயம் பணம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அந்த டிரைவர்களில் ஒருவர் அறிவரசனின் அப்பா அரியமுத்து. இந்தச் சம்பளம் வந்தால்தான் அவனுக்கு அடுத்த வருஷப் படிப்பு.

அப்பா யாரிடம் வண்டி ஓட்டுகிறார் என்று மேனேஜர் முதல் நாளே அக்கறையாக விசாரித்திருந்தார். நல்ல மனுஷன் என்று அன்று வீட்டில் போய்ச் சொன்னான்.

உடையார்பாளையத்தில் கலியபெருமாள் வீட்டு நம்பரைச் சுழற்றினான். வெகுநேரம் மணி அடித்தது.

"யாருங்க?" பெண் குரல்.

"பேங்க்லேருந்து பேசறேங்க. ஐயா இருக்காங்களா?"

போனில் சங்குச் சத்தம் வந்தது.

கோயில் சங்கு இல்லை. சேகண்டியோடு சேர்த்து இழுத்து ஊதுகிற சாவு வீட்டுச் சங்கு. பின்னால் பெண்கள் அழுகிறார்கள். யாரோ உள்ளங்கையால் ரிசீவரைப் பொத்தினார்கள். எல்லாம் அமுங்கியது.

மறுபடி அதே குரல் வந்தது. கரகரவென்று கட்டியிருந்தது.

"நான் அவுரு வீட்டுக்காரி குஞ்சம்மா பேசறங்க. அவுரு பக்கத்துலதாங்க இருக்காரு. நேத்து அவுரு கையாலதாங்க எழுதுனாரு. குடுத்துடச் சொல்றாரு."

சங்கு அவருக்குத்தான் என்று அறிவரசனுக்குப் புரிந்துவிட்டது.

செக் எழுதியவர் இறந்தது பேங்குக்குத் தெரிந்துவிட்டால் பணம் கொடுக்கக் கூடாது. கணக்கை நிறுத்திவிட வேண்டும். பிறகு வாரிசு சர்டிபிகேட், கோர்ட் என்று எத்தனை மாதம் இழுக்குமோ. தெரியாமல் கொடுத்தால் குற்றமில்லை. பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியவன் அவன்.

இப்போது இந்த பேங்கில் அவர் இறந்தது தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

கண்ணாடிக்கு வெளியே, கலியபெருமாளின் கணக்குப்பிள்ளை கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"சரிங்கம்மா" என்று போனை வைத்தான்.

"பேசினாரா?" ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் மேனேஜர் கேட்டார்.

இல்லை என்றால் அப்பாவின் இரண்டு மாத உழைப்பு மண்ணாய்ப் போகும். பேசினார் என்றால், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால், எந்த பேங்கும் அவனை வாசற்படி மிதிக்க விடாது. அவன் ஆசைப்பட்டதே இந்த வாசற்படிக்குத்தான். புருஷனைக் கிடத்திவிட்டு, அழுகையை நிறுத்திவிட்டு வந்து போனில் பொய் சொன்ன அந்த அம்மாளை நினைத்தால் பாவமாக இருந்தது.

"பேசினாரு சார்."

"அப்ப எழுதிடு."

ரிஜிஸ்தரில் கடைசிக் கட்டம், 'பேசியவர் கையெழுத்து'. அறிவரசன் போட்டான். பேங்க் ரிஜிஸ்தரில் அவன் போடும் முதல் கையெழுத்து. கோணலாக விழுந்தது.

மேனேஜர் ரிஜிஸ்தரைத் திருப்பி, விரல் வைத்து ஒருமுறை படித்தார். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெளியே கணக்குப்பிள்ளை பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போனார். செய்தது தப்புதான், ஆனாலும் நல்லதுக்குத்தான் என்று அறிவரசன் மனத்தைத் தேற்றிக்கொண்டான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேனேஜர் சோம்பல் முறித்தார். மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார்.

"கெளம்பு, ஜீப் நிக்குது. உடையார்பாளையம் போயி தலையைக் காட்டிட்டு வந்துடுவோம். மூணு மணிக்கு எடுக்குறாங்களாம்."

பைக்குள் ரோஜா மாலை. சாமி படத்துக்குப் போடுகிற அளவு இல்லை, ஆள் உயரத்துக்கு இருந்தது.

"நசுங்காமப் புடிச்சுக்க" என்று அவன் கையில் கொடுத்தார்.

மாலையைச் சுற்றியிருந்த பேப்பர் ஈரமெல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. காலையில் கடை திறந்ததுமே வாங்கியிருக்க வேண்டும்.

அறிவரசன் பீரோவைப் பார்த்தான். சாவி மேனேஜரின் சட்டைப் பையில் இருந்தது.