பேரைச் சொல்லிக் கேள்

அவள் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். ஸ்பீக்கரில் பீட் விழுந்தது.

கோயில் திடல் நிறைந்திருந்தது. திருவிழா கலைநிகழ்ச்சிக்கு வந்த கூட்டம். முன்வரிசையில் பங்குத்தந்தை. அவர் பக்கத்தில் விழாக்குழுத் தலைவர், நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டு.

முதல் சரணம் துதி. ஏசுவின் புகழை அடுக்கிக்கொண்டே போகிற வேகம். பையன்கள் எழுந்து கை தூக்கி ஆடினார்கள். ராப் என்றதும் முகம் சுளித்த தலைவர்கூடத் தொடையில் தாளம் போட்டார்.

இரண்டாவது சரணத்தை அவள் ஒத்திகையில் யாருக்கும் பாடிக் காட்டவில்லை.

பீட் ஒரு கணம் நின்று, மறுபடி விழுந்தது.

"படகுல தலகாணி வச்சு ஒறங்கினவரே,
சீடங்க விளிச்சதும் எழும்பினவரே,
காத்த அதட்டி கடல அடக்கினவரே,
எங்க அண்ணன் விளிச்சது கேக்கலியா ஒமக்கு?
அவன் படகுல ஏற எடமில்லியா ஒமக்கு?"

தூக்கிய கைகள் இறங்கின.

புயலில் கடலோடு ஆள் போகாத தெரு அந்த ஊரில் இல்லை. சிலர் பிணமாகவாவது கரைக்கு வந்தார்கள். அவள் அண்ணன் அப்படியும் வரவில்லை.

தலைவர் எழுந்தார். மைக்செட் பக்கம் திரும்பி, நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார்.

பீட் நின்றது.

ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அடுத்த வரி வாய்க்கு வந்துவிட்டது. தாளம் இல்லாமலே சொன்னாள். தாளம் போனதும் அது பாட்டாக இல்லை. வழக்காக இருந்தது.

"போதும், எறங்கு. கோயில் மேடையில நின்னு தேவ நிந்தனையா?" தலைவர் கத்தினார்.

பங்குத்தந்தை தலைவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள்.

நாற்காலிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். நைட்டியின் மேல் துண்டு. அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு இந்தத் திடலை மிதிக்காதவள்.

ஸ்பீக்கர் வீடுவரை கேட்கும் என்பதை மேடை ஏறும்போது அவள் யோசிக்கவே இல்லை.

அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். பிறகு அன்றைக்கு யாரோடும் பேசமாட்டாள். அந்தப் பேச்சைத்தான் இவள் ஊர் கேட்க மைக்கில் எடுத்திருக்கிறாள்.

அம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். தலைவர் தானாகவே ஒதுங்கினார்.

"அண்ணன், அண்ணன்னா ஆண்டவருக்கு யாருன்னு எப்பிடித் தெரியும் மக்ளே?"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"இந்தக் கடப்பொறத்துல எத்தன அண்ணமாரு போயிருக்கு. பேரச் சொல்லிக் கேளு."

அவள் கையிலிருந்த மைக் நெஞ்சுவரை இறங்கிவிட்டது.

அம்மாவே சொன்னாள்.

"ஸ்டார்வின்."

அவள் மைக்கை உயர்த்தினாள்.

"ஸ்டார்வின்."

ஸ்பீக்கர்கள் அதைத் திடலைத் தாண்டி, மணலைத் தாண்டிக் கொண்டுபோயின.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "பெர்க்மான்ஸ். எங்க வீட்டுக்காரரு. அவரையும் கேளு."

அவள் கேட்டாள்.

இன்னொரு பெயர் வந்தது. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்று.

மைக்செட்காரர் யாரிடமும் கேட்கவில்லை. பீட்டைத் திரும்பப் போட்டார். மிகவும் தாழ்வாக.

ஒவ்வொரு பெயரையும் அவள் தாளத்தில் வைத்தாள். நீளமான பெயர்களை ஓட்டிச் சொன்னாள். குட்டிப் பெயர்களை இழுத்தாள். தலைவர் எப்போது உட்கார்ந்தார் என்று அவள் பார்க்கவில்லை.

முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும். திட்டவும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அம்மா முன்வரிசைக்குப் போனாள். பங்குத்தந்தை எழுந்து நின்றார்.

"சாமி, அவனுக்கு ஒரு பூச வைக்கணும்."

முன்பு ஒருமுறை பூசை வைக்கச் சொல்லி வீட்டுக்கு வந்த அவரிடம், 'எம்மவன் செத்தத நீரு கண்டீரா' என்று கேட்டு அம்மா கதவைச் சாத்தியிருந்தாள்.

மெல்லக் கேட்டார். "என்ன கருத்துக்கு வேண்டிக்கணும்மா? வீடு வந்து சேரணும்னா?"

அம்மா துண்டால் முகத்தைத் துடைத்தாள். கழுத்தையும் துடைத்தாள்.

"இல்ல சாமி. ஆத்தும எளப்பாத்திக்கு."

பிறகு, அவருக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல, "எளப்பாறட்டும். எவ்வளவு நாளுதான் கெடப்பான் தண்ணியில."

மேடையில் நின்றிருந்தவள் அப்படியே விளிம்பில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் எதுவோ இறங்கியது. அழுகைதான் என்று நினைத்தாள். வந்தது ஒரு நீண்ட மூச்சு.

அம்மா வந்து அவள் கையிலிருந்த மைக்கை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"எந்திரி மக்ளே. எனக்குப் பசிக்கி."

அவள் எழுவதற்குள் அம்மா திருவிழாக் கடைகள் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.