மூடியில் வைத்த சோப்பு

சொல்லிவிடலாம் என்றுதான் குஞ்சம்மாள் நினைத்தாள். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று பயமாக இருந்தது. 'ஏங்க, காலையில நான் பெட்ரோல் மூடியில...' என்று தொடங்கினால், மீதியைக் கேட்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டு நிற்கிற மனுஷனா ராசாங்கம்?

வேன் மூன்றாவது தடவையாக நின்றுவிட்டது. அரியலூர் தாண்டி, கீழப்பழுவூருக்கு இந்தப் பக்கம், சித்திரை வெயிலில்.

சிமென்ட் ஆலை வேலையாக வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் விற்றுவிட்டுப் போன பழைய வேன் அது. உள்ளேயே மடக்குக் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. பெரம்பலூரில் அதற்குக் 'குடித்தன வண்டி' என்று பெயர். ராசாங்கம் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிற அழகில் பெற்ற மகள் தோற்றுப்போவாள்.

அந்த மகள் மலர்க்கொடிக்காகத்தான் இந்தப் பயணமும். திருமானூரில் மாப்பிள்ளை வீட்டில் இன்றைக்குக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பன்னிரண்டு மணிக்குள் போகாவிட்டால் இடம் கை நழுவிவிடும்; சாயங்காலம் வேறு பெண் வீட்டார் வரக் காத்திருக்கிறார்கள். வீட்டில் விட்டுவந்த மலர்க்கொடியோ மாப்பிள்ளையைப் பார்த்த நாளிலிருந்து, அரிசி களையும்போதுகூடத் தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"மூணு தடவை நின்னாச்சு. சகுனம் சரியில்லடா தம்பி," என்றாள் நாத்தனார் சிந்தாமணி, கட்டிலில் காலை நீட்டியபடி. "பேசாம வண்டியத் திருப்பு."

தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சிந்தாமணி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

"கொஞ்சம் இருக்கா." ராசாங்கம் ப்ளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். கார்புரேட்டரை ஊதினார். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினார். வண்டி கிளம்பியது. அரை மைல் ஓடி, இரண்டு தும்மல் தும்மி, மறுபடியும் நின்றது.

"நாலு," என்றாள் சிந்தாமணி.

ராசாங்கம் பல்லைக் கடித்தார். "நேத்து வரைக்கும் குதிரையாட்டம் ஓடுன வண்டி! எவனோ கை வெச்சிருக்கான். வெளியாளுன்னா கையை ஒடிப்பேன். வூட்டு ஆளுன்னா இங்கேயே எறக்கி வுட்டுட்டு ஊருக்குத் திரும்பிடுவேன். சம்பந்தமாவது, கிம்பந்தமாவது!"

குஞ்சம்மாள் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? வண்டிக்குள் ஒரே பெட்ரோல் வாசனை. பக்கத்திலேயே அடுப்பு. பற்றிக்கொண்டால் மூன்று பேரும் கரிக்கட்டை. பெட்ரோல் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. துணி சோப்பை உருட்டி அதில் வைத்து அடைத்தாள். டேங்க் ஒழுகினால் லாரிக்காரர்கள் அப்படித்தானே அடைக்கிறார்கள்? மூடி ஓட்டைக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?

கிணற்று எஞ்சின்களுக்கு ரிப்பேர் பார்க்கும் வீரமுத்து அந்த வழியாகச் சைக்கிளில் வந்தவர், காலை ஊன்றி நின்றார்.

"எவ்வளவு தூரம் ஓடி நிக்குதுங்க?"

"மொதல்ல பத்து மைல். இப்ப அரை மைலுக்கு வந்திருச்சு," என்றார் ராசாங்கம்.

"அப்பறம் என்ன செஞ்சா கெளம்புது?"

"எதைத் தொட்டாலும் தொடாட்டியும் ஒண்ணுதான். பத்து நிமிசம் நின்னா தானா கெளம்புது."

வீரமுத்து எஞ்சினைத் தொடவே இல்லை. நேரே போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். 'புஸ்ஸ்' என்று டேங்க் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

"கலர் பாட்டில வாயில அழுத்தி வெச்சு உறிஞ்சிக்கிட்டே இருந்தா என்னாவும்? ஒதட்டைத்தான் புடிச்சு இழுக்கும். காத்து உள்ள போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்? அதுக்குத்தான் மூடியில ஓட்டை." மூடியை மோந்து பார்த்தார். "அடைச்சிருக்காங்க. சோப்பு! யாராச்சும் ஒரு ஊக்கு குடுங்க."

குஞ்சம்மாள் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து நீட்டினாள். வீரமுத்து அதால் ஓட்டையைக் குத்திவிட்டார்.

"சோப்பா?" ராசாங்கத்தின் பார்வை நேராக அவள்மேல் வந்து நின்றது. "யாரு பார்த்த வேலை இது?"

குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"நாந்தான்டா," என்றாள் சிந்தாமணி.

"அக்கா... நீயா?"

"பெட்ரோல் நாத்தம் தாங்கல. அடைச்சேன். இப்ப என்ன, என்னைய எறக்கி வுடப்போறியா?"

ராசாங்கம் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்று முணுமுணுத்துவிட்டுப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

மணி பதினொன்று. வேன் கீழப்பழுவூரைத் தாண்டித் திருமானூரைப் பார்த்து நிற்காமல் ஓடியது.

சிந்தாமணி குஞ்சம்மாளின் காதோரம் குனிந்தாள். "காலையில நீ மூடிகிட்ட நின்னதைப் பார்த்தேன். என்ன ஏதுன்னு அப்பப் புரியல. நானும் சகுனம்னுல்ல நெனச்சேன்? சோப்புன்னு தெரிஞ்சப்பறம் புள்ள கல்யாணத்தை ஏன் கெடுக்கணும்? என்னைய அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நீ மூச்சு வுடாத."

குஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முன்னாலிருந்து ராசாங்கத்தின் குரல் வந்தது. "ஏய், அக்காவுக்குத்தான் வண்டியைப் பத்தித் தெரியாது. நீ கூடவேதானே இருந்தே? தடுக்கக் கூடாது?"

பிடித்த கையை விடாமலே குஞ்சம்மாள் சொன்னாள்:

"படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க. அண்ணி கேட்டாத்தானே!"