கோயில் உடைக்கத் தகுதியான ஆள்

“ஆள் கைகாரனாய் இருக்கவேணும், உள்ளூராயும் இருக்கவேணும். ஆனால் அந்தோனியாரைக் கும்பிடுற வேதக்காரனாய் மட்டும் இருக்கக்கூடாது,” என்றார் கோயில் மூப்பர் மரியநேசன்.

அந்தோனியாரின் பழைய கோயில் புயலில் வெடித்து, முல்லைத்தீவுக் கடலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அதை உடைத்தால்தான் புதுக்கோயிலுக்கு அத்திவாரம் வெட்டலாம். ஆனால் அந்தச் சுவரில் முதல் அடி போடுகிறவன் குடும்பம் விளங்காது என்று கரை முழுக்கக் கதை. சுறாவோடு மல்லுக்கட்டுகிற வீரர்கள் எல்லாரும் சுவர் இடிக்கிற அலவாங்கைக் கண்டதும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மேசன் யோசெப்புக்கு நாரி பிடித்து, முதுகு வளையாமல் போனது.

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உடைக்கிற வேலைக்கு ஒரு கொந்தராத்துக்காரனைப் பிடியும். இல்லாட்டி மூப்பர், நீர்தான் முதல் அடி போடவேணும்,” என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மரியநேசனுக்குச் சோறு இறங்கவில்லை. வலை, வள்ளம், கலியாணத்துக்கு நிற்கிற மகள் எல்லாம் அந்தோனியாரின் கையில் அல்லவா இருக்கின்றன!

முதலில் வந்தவர் வீரகத்தி. பழைய பாலம், நெல்லுக் களஞ்சியம் எல்லாம் உடைத்துத் தள்ளியவர். ஆனால் உள்ளே அந்தோனியாரின் சுரூபத்தைக் கண்டதும் தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

“இது சரிவராது,” என்று மரியநேசன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்தவர் மீராசாகிபு. அவர் கும்பிடவில்லை, குனியவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“சுண்ணாம்புச் சுவர். கடல் பக்கமாய் விழுத்தலாம்,” என்றார்.

“மீராசாகிபு நானா, உங்களுக்குப் பயமில்லையோ?”

“சுவருக்கு நான் பயப்பிடுறேல்லை, மூப்பர்.”

மரியநேசனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தோனியாருக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் இந்த மனிதர் வேறு கணக்கு. இதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்?

சுரூபத்தின் முன்னால் கைப் பருமனில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மனைவி றோஸ்மேரி கொளுத்தியிருப்பாள் என்று நினைத்து, மரியநேசன் அதை ஊதி அணைக்கப் போனார்.

“வேண்டாம் மூப்பர். அது எரிஞ்சு முடியட்டும்,” என்று மீராசாகிபு தடுத்தார்.

என்ன நிதானமான ஆள் என்று மரியநேசனுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. அந்த இடத்திலேயே கொந்தராத்து அவருக்கென்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை சுரூபத்தைக் கிடுகுக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். கரை முழுக்கச் சனம். வெள்ளை வேட்டி கட்டி முன்னுக்கு நின்ற மரியநேசன், “ஆள் பிடிக்கிறதெண்டால் இப்பிடிப் பிடிக்கவேணும்,” என்று யோசெப்பின் காதில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மீராசாகிபு சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவரைத் தாண்டி நேரே மரியநேசனிடம் வந்து, அதை அவர் கையில் வைத்தார்.

“என்ன நானா இது? உடைக்கிறது நீங்களெல்லோ?”

“மிச்சமெல்லாம் நான்தான், மூப்பர். ஆனால் எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கெல்லோ! இந்த வேலை எனக்குக் கிடைச்சால் முதல் அடி உங்கட கையாலதான் எண்டு, அண்டைக்கு நீங்கள் வரமுன்னமே திரி கொளுத்தி அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிட்டன்.”