எழவு சொன்ன ஏஜென்ட்

"அம்மா மொகத்தை ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறோம்பா."

கேட்டுக்கு வெளியே ரோஜா மாலையும் கையுமாக நின்ற பெரியவரைப் பார்த்ததும் வக்கீல் புருஷோத்தமன் ஓரடி பின்வாங்கினார். பெரியவருக்குப் பின்னால் ஒரு ஆட்டோவிலிருந்து இன்னும் நாலைந்து பேர் மூக்கைச் சிந்தியபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த அம்மா?"

"செல்வாம்பாள் அம்மா வூடுதான இது? என் பேரு கொளஞ்சி. சாவு சேதி செல்லுல வந்துச்சி. கிடைச்ச பஸ்ஸப் புடிச்சி ஓடியாறோம்."

செல்வாம்பாள் புருஷோத்தமனின் மாமியார். உழவர்கரையிலிருந்த அந்த வீடும் அவருடையதுதான். அந்த நிமிடம் அவர் பின்கட்டில், உயிரோடு, வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் புதுச்சேரி நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அவர் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டார். வாதத்துக்குத் தயாராகாத புருஷோத்தமன், 'மாமியார் காலமானபடியால்' என்று மனு போட்டு வாய்தா வாங்கியிருந்தார். செல்வாம்பாளும் வக்கீல்தான். ஆனால் அவருக்குத் தொழில் கடலூரில். இங்கே யாருக்கும் தெரியாது என்ற தைரியம்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜூனியர் பிரேம்குமார், ஆபீஸ் வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேரோடு ஒரு ஏஐ ஏஜென்ட்டை இணைக்கிறேன் என்று கிளம்பியிருந்தான்.

"கேஸ் ஃபைலை அதுவே படிச்சிக்கும் சார். யாருக்கு என்னா தகவல் சொல்லணுமோ அதுவே மெசேஜ் போட்டுடும். நீங்க கையக் கட்டிக்கினு உக்காரலாம்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கு இப்போது வாசலில் மாலை வந்திருக்கிறது. வந்திருப்பவர்கள் யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. கட்சிக்காரர்கள் முகம் அவருக்கு என்றைக்குமே ஞாபகம் இருந்ததில்லை.

"நீங்க இந்த வூட்டு ஆளா?" என்றார் கொளஞ்சி.

"இல்லல்ல... பக்கத்து வூடு."

"அம்மா எங்கப்பா?"

"ஆஸ்பத்திரில."

"அய்யோ! அதிர்ச்சி தாங்கலியா?"

"தாங்கல" என்றார் புருஷோத்தமன், பொத்தாம்பொதுவாக.

நழுவி மதில் ஓரம் போய் பிரேம்குமாரைக் கூப்பிட்டார். "டேய், உன் ஏஜென்ட் ஊருக்கே எழவு சொல்லிட்டுதுடா! மாலையோட வந்து நிக்கறாங்க. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிது, அடுத்த மாலை எனக்குத்தான்!"

"சார்... நோணாங்குப்பத்துல படகுல இருக்கேன் சார்... பாத்துட்டுச் சொல்றேன்..." லைன் அறுந்தது.

திரும்பினால், தையல்நாயகி என்ற அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்.

"சாவற வயசா இது!"

அறுபத்தாறு ஆகிறதே என்று சொல்ல வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன குடி! எழுந்தா பாட்டிலு, படுத்தா பாட்டிலு. ஈரலே கரைஞ்சிப்போச்சாமே?"

புருஷோத்தமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மோரைக்கூட வடிகட்டிக் குடிக்கிறவர் செல்வாம்பாள். இந்த ஏஐ இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துக் கதை கட்டும் என்று எங்கோ படித்தது எவ்வளவு சரி!

"இன்னா தம்பி, துக்க வூட்டுல மீன் வாசன?" என்று மூக்கை உறிஞ்சினார் கொளஞ்சி.

"அது... எங்க வூட்லேர்ந்து வருது."

"யாருங்க அது வாசல்ல?" உள்ளிருந்து கணீரென்று குரல் வந்தது.

"அம்மா கொரலாட்டம் இருக்குதே!"

"பழைய வீடியோங்க. டிவில ஓடுது" என்று புருஷோத்தமன் கேட்டை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வெள்ளை பனியனில் வியர்வை ஆறாக ஓடியது. மனைவி அமுதவல்லி வேறு மார்க்கெட்டிலிருந்து வருகிற நேரம்.

அதற்குள் வீடியோ, கையில் கரண்டியோடு நேரிலேயே வந்துவிட்டது.

புருஷோத்தமன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பேயென்று அலறப்போகிறார்கள், நாலு பேர் மயங்கி விழப்போகிறார்கள், அப்புறம் கரண்டி தன் மண்டையில் இறங்கப்போகிறது என்று காத்திருந்தார்.

ஒருவரும் அலறவில்லை. அவரை ஒதுக்கிவிட்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள். தையல்நாயகி செல்வாம்பாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டீங்களாம்மா! மனச உட்றாதீங்கம்மா!" என்று அழுதார். கொளஞ்சி மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செத்தவரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லும் கூட்டத்தைப் புருஷோத்தமன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.

"சார், நம்ம ஏஜென்ட் மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றான் பிரேம்குமார். "அது இன்னும் கனெக்டே ஆவல. பாஸ்வேர்டு தப்பாம். யாருக்கும் ஒரு மெசேஜ்கூட போவல."

"அப்ப இவங்கள்லாம் யாருடா?"

பதில் பின்னாலிருந்து வந்தது. கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த செல்வாம்பாள், அவர் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போனார். மாமியார் முகத்தில் அசடு வழிந்ததைப் புருஷோத்தமன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கோச்சிக்காதீங்க மாப்ள. கடலூர் கோர்ட்டுல வாய்தா கேக்கறதுக்கு வேற காரணம் தோணாம, எம் மாப்ள குடிச்சிக் குடிச்சே போயிட்டாருன்னு வியாழக்கெழம மனு போட்டுட்டேன். எங்க ஆபீஸ்லயும் ஒரு ஏஜென்ட்ட மாட்டி வச்சிருக்கறோமே, அந்தச் சனியன் எங்க கட்சிக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டுது. அவங்க கெளம்பற வரைக்கும் உள்ள போய் செத்த படுத்துக்குங்க!"