மைக்செட்டின் குச்சி மிட்டாய்

மைக்செட்டின் வாயில் குச்சி மிட்டாய் இருந்தது. ஆரஞ்சு.

அவர் வாயில் மட்டுமில்லை. மைதானத்து வேலியோரம் நின்ற அத்தனை அப்பா அம்மாக்களின் வாயிலும்தான்.

ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த கோச்சம்மாவின் ஏற்பாடு அது. பிள்ளைகள் ஆடும்போது பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாதாம்.

மிட்டாயோடு ஒரு சட்டமும் வந்தது. ஒரு தடவை கத்தினால் உங்கள் பிள்ளை கொஞ்ச நேரம் வெளியே உட்கார வேண்டும். இரண்டாம் தடவை கத்தினால் அவளுக்கு இன்றைய ஆட்டமே இல்லை.

கால்பந்து முகாமின் கடைசி நாள். இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நகர அணிக்குப் பெண்களை எடுக்கப்போகிறார்கள். மைக்செட்டின் மகளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, முழுங்கிடாதீங்க. குச்சி தொண்டையில நின்னா பஸ்ஸு யாரு ஓட்டுறது?" பக்கத்தில் நின்ற தையல்காரி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள். அவள் மகள்தான் கோல்கீப்பர்.

பஸ்ஸை ஓட்டுவது அவரில்லை. அவர் கண்டக்டர்.

பெரிய வண்டி. டிரைவர் இருக்கையிலிருந்து இடது பக்கம் சரியாகத் தெரியாது. படியில் தொங்கிக்கொண்டு, "வரலாம், வரலாம், சைக்கிள் வருது, நிறுத்து" என்று கத்திக் கத்தியே உரமேறிய தொண்டை. மைக்செட் என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

வேலை முடிந்ததும் காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டலாம். தொண்டையை மாட்ட ஆணி ஏது?

மகள் பந்தைத் தொட்ட நாளிலிருந்து அந்தத் தொண்டை மைதானத்துக்கும் வந்துவிட்டது. எப்போதும் அவளுடைய இடது பக்கம்தான் நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால், இவரும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர் வேலிக்கு ஓடுவார். பொண்ணு ஓடுறதைவிட அப்பன் ஓடுறதுதான் ஜாஸ்தி என்று மற்ற அப்பாக்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும்.

முகாம் நடந்த நாட்களில் பெற்றோரை உள்ளே விடவில்லை. அவளை கேட்டில் இறக்கிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் மனசு மைதானத்திலேயே கிடக்கும். சாயங்காலம் அவள் முழுசாக வந்து சேர்ந்தால்தான் அடங்கும்.

இப்போது மிட்டாயை எடுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி வாயில் வைத்து நிமிர்ந்தார்.

மகளிடம் பந்து. எதிர்ப்பக்கக் கோட்டோரமாக ஓடிவருகிறாள். எதிரணியின் நெட்டைப் பெண் இடது பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறாள், பிரேக் பிடிக்காத லாரி மாதிரி.

மகள் திரும்பவில்லை. பந்தைப் பார்த்தபடி வருகிறாள்.

மைக்செட் மிட்டாயைக் கடித்தார். அது உடைந்தது.

"லெஃப்ட்டுல வருது!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. மகளும் திரும்பிப் பார்த்தாள், நின்று. அந்த இடைவெளியில் நெட்டைப் பெண் பந்தைப் பூப்போல எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகள் மேலே படக்கூட இல்லை.

விசில்.

கோச்சம்மா கோபப்படவில்லை. மகளுக்கு வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினாள். அவ்வளவுதான்.

"என்னண்ணே நீங்க? அவளுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் தையல்காரி.

மைக்செட் வேலியைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். பழக்கத்தில் மகளின் இடது பக்கம் உட்கார்ந்தார்.

அவளுக்கு ஒரு கண்தான் தெரியும்.

குழந்தையில் வந்த காய்ச்சல் இடது கண்ணின் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வீட்டில் மூன்று பேரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் ஆடவிடுவார்கள்?

மகள் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். முகத்தை முழுசாகத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அவ வர்றது எனக்குத் தெரியும்ப்பா. முன்னாடியே ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டேன். பக்கத்துல வரட்டும், வெட்டி உள்ள போலாம்னு இருந்தேன்."

"எப்ப பார்த்த?"

"நீ மிட்டாயைப் பார்த்துட்டு இருந்தப்ப."

அவர் வாயிலிருந்த குச்சியை எடுத்தார்.

"கோச்சம்மா முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாங்க. அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன். அனுப்பல. பந்து வர்றதுக்கு முன்னாடியே கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி, வாரம் பூரா அதேதான். உன் சத்தம் கேட்டா அதை நம்பிக் கழுத்து நின்னுடுதுப்பா. பழக்கம்."

கையிலிருந்த வெறும் குச்சியை மைக்செட் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான், எங்கப்பா கத்தாம இருக்க ஏதாவது வழி இருக்கான்னு நான்தான் கேட்டேன். உனக்கு மட்டும் குடுத்தா நீ சங்கடப்படுவேன்னு எல்லாருக்கும் குடுத்துட்டாங்க."

கோச்சம்மா கையசைத்தாள். மகள் எழுந்து உள்ளே ஓடினாள்.

மைக்செட் தையல்காரியிடம் வந்து கையை நீட்டினார். அவள் பையிலிருந்து இன்னொரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். பிரித்து வாயில் வைத்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நடந்தார்.

"இடைவேளையே வரல. அதுக்குள்ள எங்கண்ணே பக்கம் மாத்துறீங்க?"

வாயில் மிட்டாய்.

எதிர் வேலியில் போய் நின்றார், மகளுக்கு வலது பக்கமாக.

ஓடிக்கொண்டே அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தாள்.